ஆம்ப்ளிஃபயரை மாற்றும் முன் சோபாவை நகர்த்துங்கள்

ஆடியோ பைத்தியம் பிடித்தவரை எளிதில் அடையாளம் காணலாம், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கை தட்டிப் பார்ப்பார். பாட்டு நன்றாகக் கேட்க அறையும் ஒத்துழைக்க வேண்டும், அதனால் நல்ல பழக்கம்தான், நீங்களும் தட்டுங்கள். தட்டி முடித்த பிறகும் 'டிர்ர்ர்' என்று ஒரு சத்தம் மிஞ்சினால், எதிரெதிரே நிற்கும் இரண்டு வெறும் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. ஒரு சுவரில் கனமான திரைச்சீலையோ புத்தக அலமாரியோ வந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நிஜமான தொல்லை பேஸ் எனும் தாழ்ந்த ஒலிதான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள், 5 மீட்டர் அறைக்கு 34 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 34 அதிர்வு) வரும், அந்த நீளத்தில் ஒலி தானாகவே முழங்கும் அதிர்வெண் அது. அந்த அதிர்வெண் சுவரோரம் உறுமும், அறையின் நடுவில் காணாமலே போகும், அதனால் நாற்காலியை இரண்டு இடத்திலும் போடாதீர்கள். பின்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம், அதாவது இந்த அறையில் 1.9 மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஆரம்பியுங்கள், அப்புறம் காது சொல்கிறபடி நகர்த்திக்கொள்ளலாம்.

சுவரில் முட்டை அட்டையையோ மெல்லிய ஃபோமையோ ஒட்டும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர், அதை 2.5 செ.மீ. ஃபோம் என்ன செய்துவிடும்? ட்ரெபிள் எனும் உயர்ந்த ஒலியை மட்டும் தின்றுவிட்டு பேஸை அப்படியே விட்டுவைக்கும், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். 10 செ.மீ.க்குக் குறையாத ராக்வூல் (பாறை இழை) பலகைகளைத் துணி போர்த்தி, பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு மூலைகளில் வையுங்கள். துணியின் நிறத்தை வீட்டில் இருப்பவர்களே தேர்ந்தெடுக்கட்டும், அவர்களுக்கும் அது கூடம்தானே.

பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை அடக்க இரண்டு பேர் வேண்டும். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், இன்னொருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும், கண்ணாடியில் உங்களுக்கு ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு பலகை. எல்லாச் சுவரையும் மூடிவிட வேண்டாம், ஒலி உயிரில்லாமல் அறை செத்துப்போகும்.

இதெல்லாம் கிறுக்குத்தனம் என்று யாராவது சொன்னால் இயற்பியலாளர் வாலஸ் சபைனைப் பற்றிச் சொல்லுங்கள். 1895இல் ஹார்வர்டில் எதிரொலி தாங்காத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்ய, அவர் இரவு நேரங்களில் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்துகொண்டிருந்தார். அறை ஒலியியலே அந்த மெத்தைகளிலிருந்து பிறந்ததுதான், அதனால் மெத்தென்ற சோபாவை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம்.

பேஸுக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் இருந்தால் இன்னும் ஒரு வேலை பாக்கி. அதைத் தூக்கி உங்கள் நாற்காலியில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் தரையில் தவழுங்கள். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அதுதான் சப்வூஃபருக்கான இடம். தவழ்வதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் நாற்காலிக் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள், பெருக்குபவர்கள் அதே இடத்தில் திரும்ப வைக்க வசதியாக இருக்கும்.