சவன்னாப் புல்வெளியின் கோல்ஃப் குடியிருப்புக்குச் செல்லும் திருகோணமலைக் குடும்பங்களுக்கு

தென்னாபிரிக்காவில் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டியுள்ள ஹான்ஸ் மெரென்ஸ்கி போன்ற, கோல்ஃப் திடலைச் சுற்றி வீடுகள் அமைந்த குடியிருப்புகளுக்கு, வேலையின் பொருட்டுக் குடும்பத்துடன் செல்லும் நம்மூரவர்கள் ஊரிலேயே விட்டுச் செல்ல வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. பிரட்றிக் கோட்டை வாசலில் நிற்கும் புள்ளிமானுக்கு வாழைப்பழத் தோலை நீட்டிப் பழகிய கை, அங்கே முற்றத்துக்கு வரும் இம்பாலா மானைக் கண்டதும் தானாகவே நீளும். அதனை அடக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் தீனி கண்ட பபூன் குரங்கு மறுநாள் சமையலறைக்குள்ளேயே நுழையும். மனிதருக்கு அஞ்சாத நிலையை அடைந்த அவ்விலங்கை இறுதியில் கொல்லவும் நேரும். குப்பைத் தொட்டியை இறுக மூடுங்கள். ஆளில்லாத அறையின் சன்னலைச் சாத்தி வையுங்கள். நாய், பூனை வளர்ப்பதற்கும் வெளிநாட்டுச் செடிகளை நடுவதற்கும் பல குடியிருப்புகளில் தடை இருப்பதால், வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் விதிகளை வாசித்துவிடுங்கள்.

நீர்யானையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பகலெல்லாம் நீரில் கிடக்கும் அது, இருட்டியபின் கரையேறி ஓர் இரவில் ஏறத்தாழ 40 கிலோ புல் மேயும். கட்டையாக வெட்டிப் பராமரித்த கோல்ஃப் புற்றரை அதற்கு விரித்து வைத்த பந்தி. கந்தளாய்ப் பக்கத்து யானைகளை அறிந்தவர்களும் இதனைச் சாதுவென்று எண்ணிவிடக் கூடாது. அதற்கும் தண்ணீருக்கும் இடையில் ஒருபோதும் நிற்காதீர்கள். பொழுதுபட்டபின் அயல்வீட்டுக்கும் வாகனத்திலேயே செல்லுங்கள். குளத்தில் முதலையும் இருக்கக்கூடும் என்பதால், கரையோரம் விழுந்த பந்தைத் தேடிப் போகாதீர்கள். ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால் பந்தைத் தண்டனை அடியின்றிப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற, கோல்ஃப் விதி 16.2 இடமளிக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தருவது மலேரியாதான். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டபின் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்நோயின் முகமே தெரியாது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்போ அந்தி தொடங்கி விடியும்வரை கடிப்பது. ஆகவே மாலையில் முழுக்கைச் சட்டை அணிந்து, இரவில் மருந்தூட்டிய நுளம்பு வலைக்குள் உறங்குங்கள். புறப்படுமுன் மலேரியா தடை இயக்கத்தின் பிராந்தியப் பணிமனையை அணுகித் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இதில் தாமதிக்கலாகாது. விடுமுறையில் ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், ஆபிரிக்காவிலிருந்து வந்ததை வைத்தியரிடம் முதலில் கூறி, அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.