கேனரித் தீவுகளில் பாய்மரப் படகு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக்கில் உள்ள ஸ்பெயினின் கேனரித் தீவுகள் வரைபடத்தில் பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும். லான்சரோட்டிலிருந்து எல் ஹியர்ரோ வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்குள் மக்கள் வாழும் எட்டுத் தீவுகள். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று. முப்பது, முப்பத்தைந்து அடிப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து வருகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் இங்கே தீவுகள்தான் காற்றைத் தீர்மானிக்கின்றன. போனில் தெரியும் முன்னறிவிப்பை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். பல இலவசச் செயலிகள் காட்டும் ‘ஜிஎஃப்எஸ்’ என்ற அமெரிக்கக் கணினி வானிலைக் கணிப்பு கால் டிகிரி இடைவெளியில் கிடைக்கிறது. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் சுமார் 28 கிலோமீட்டர். டெனரீஃபுக்கும் லா கோமேராவுக்கும் நடுவில் உள்ள கடலே கிட்டத்தட்ட அவ்வளவு அகலம்தான். அதற்குள் நடப்பதை அந்தக் கணிப்பு எப்படிச் சொல்லும்?

நடப்பது இதுதான். டெனரீஃபின் டெய்டே மலை 3,715 மீட்டர் உயரம். வியாபாரக் காற்றுக்கு மேலே ஒரு வெப்பமான காற்றடுக்கு மூடிபோல உட்கார்ந்திருப்பதால், கீழே வரும் காற்று மலையைத் தாண்டி எழ முடியாமல் பக்கவாட்டில் ஒதுங்கி, தீவுகளுக்கு நடுவே நெருக்கியடித்துப் பாய்கிறது. முன்னறிவிப்பில் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகம்) என்று இருக்கும். தீவுகளுக்கு நடுவிலோ 25, 30 நாட் வேகத்தில் வீசும். கோடையில் இது இன்னும் மோசம்.

அதே மலைக்குத் தென்மேற்கே போனால் காற்றே இருக்காது. சில சமயம் எதிர்த்திசையிலிருந்துகூட மெல்ல வீசும். ‘சரி, காற்று போய்விட்டது’ என்று முழுப் பாயையும் விரித்துக்கொண்டு மோட்டாரில் போகிறவர்கள் தீவின் முனையைத் தாண்டியதும் மாட்டிக்கொள்கிறார்கள். சில நூறு மீட்டருக்குள் காற்று சட்டென்று பலமாகிவிடும். படகு சாய்ந்து, பாய் படபடத்து, கட்டாத பொருளெல்லாம் கேபினில் உருளும்போது பாயைக் குறைக்கப் போராடுவது ஆபத்தான வேலை. முன்னால் கடலில் ஒரு கோடு போட்டதுபோல வெள்ளை நுரை தெரிந்தால் அதுதான் எல்லை. பாயைக் குறைக்க வேண்டியது அமைதியாக இருக்கும் இந்தப் பக்கத்திலேயே. கூடுதலாகக் குறைத்துவிட்டோமோ என்று அப்புறம் தோன்றினால் விரிப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

காற்று வந்தே தீரும் என்று கணக்குப் போடுவதும் தவறுதான். 1492 செப்டம்பர் 6 அன்று லா கோமேராவிலிருந்து கிளம்பிய கொலம்பஸே, இரண்டு நாள் காற்றில்லாமல் டெனரீஃபுக்கும் கோமேராவுக்கும் இடையில் கிடந்தார். டீசல் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அடுத்தது திரும்பும் பயணம். டெனரீஃபின் தெற்கிலிருந்து கோமேராவுக்கு இருபது கடல் மைல் சொச்சம். பின்பக்கத்துக் காற்றில் குஷியாகப் போய்விடலாம். வரும்போது அதே காற்று முன்பக்கத்திலிருந்து அடிக்கும், அலையும் சேர்ந்து வரும். வாடகைப் படகை எடுத்த இடத்திலேயே ஒப்படைக்க வேண்டும், மறுநாள் விமானம் என்கிற அவசரத்தில்தான் போகக் கூடாத நாளில் போகிறார்கள். ஒரு நாளையாவது உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் படகு என்றால் வடகிழக்குக் கோடியில் லா கிராசியோசா, லான்சரோட் பக்கம் ஆரம்பித்து மேற்கே போவதுதான் என் தேர்வு.

எல்லாத் தீவிலும் நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் சரிவராது. எரிமலைத் தீவுகள் என்பதால் கரையை ஒட்டியே கடல் ஆழமாகிவிடும்; அடியில் பல இடங்களில் பாறை. ஆழத்தைப்போல நான்கைந்து மடங்காவது சங்கிலி விட வேண்டும். நங்கூரத்தில் சங்கிலி கட்டும் முனைக்கு எதிர்ப்புறம் தனிக் கயிறு கட்டி மிதவை விட்டால், பாறையில் சிக்கினாலும் பின்பக்கமாக இழுத்து எடுக்கலாம். நல்ல இடங்கள் பெரும்பாலும் தெற்குக் கரைகளில் இருக்கின்றன. தெற்குக் காற்று அடிக்கும் நாளில் அவை ஒன்றும் உதவாது. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் புயல்கள் கிளப்பும் பேரலை தீவை வளைத்துக்கொண்டும் வரும். அப்போது மரினாதான், அதாவது படகுகளைக் கட்டி வைக்கும் சிறு துறைமுகம்தான், கதி.

அந்த மரினாவிலும் முன்கூட்டியே இடம் சொல்லி வைக்க வேண்டும், முக்கியமாக அக்டோபர், நவம்பரில். 1986 முதல் நடக்கும் ‘ஏஆர்சி’ என்ற அட்லாண்டிக் கடப்புப் பேரணிக்காக நூற்றுக்கு மேற்பட்ட படகுகள் கிரான் கனேரியா தீவின் லாஸ் பால்மாஸில் கூடுகின்றன. மற்றவர்களுக்கு அப்போது அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

கடைசியாக, கலிமா. சகாராவிலிருந்து தூசியோடு வரும் இந்தக் காற்றில் பக்கத்துத் தீவு மட்டுமல்ல, எதிரே வரும் அதிவேக ஃபெர்ரிகூட மங்கிப் போகும். படகில் ஏஐஎஸ் (அருகிலுள்ள கப்பல்களின் இருப்பிடத்தை ரேடியோ வழியாகக் காட்டும் கருவி) இருந்தால் போட்டு வையுங்கள், இல்லையென்றால் தூசி அடங்கும்வரை துறைமுகத்திலேயே இருங்கள்.