பழைய வீட்டின் முதல் அறை அமைப்பை மீட்பது

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பழைய வீடு வாங்கினால், சுவரை உடைக்க முன் நிலத்தைப் பாருங்கள். சிவப்பு சீமெந்து நிலத்தில் ஓரமாக ஓடும் கரைக்கோடு அறையின் பழைய எல்லை. அது ஒரு சுவருக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளிவந்தால், அந்தச் சுவர் பிறகு கட்டியது.

பூச்சோடு 10 அங்குலத் தடிப்பு பெரும்பாலும் பழைய செங்கல் சுவர். 5 அங்குலம் தடுப்பாக இருக்கலாம். சந்திக்கும் மூலையில் ஒரு சாண் பூச்சைக் கொத்துங்கள். பின்னால் கட்டியது கல் கோர்க்காமல் வெறுமனே முட்டி நிற்கும். பழைய சுண்ணாம்புச் சாந்து நகத்தால் சுரண்டினால் பெரும்பாலும் உதிரும். நேர்கோடாக மேலேறும் வெடிப்பு, அடைத்த கதவின் அடையாளமாக இருக்கலாம்.

மெல்லிய சுவர்தானே என்று இடித்துவிடாதீர்கள்! கூரை மரம் அதில் தாங்கியிருக்கலாம். சீலிங்குக்கு மேலே ஏறிப் பாருங்கள், பொறியியலாளரிடம் காட்டுங்கள், மாநகர சபையில் அனுமதி கேளுங்கள். முட்டுக் கொடுத்து, மேலிருந்து வரிவரியாகக் கழற்றுங்கள்.

பழைய சுவர்களில் கொத்திய, இடித்த காயங்களைச் சீமெந்தால் பூசவே வேண்டாம். ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துப் பூச்சு கழன்று விழும். சுண்ணாம்பு 1, கழுவிய மணல் 3; மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் இறுக விடுங்கள்.