ஸ்விஃப்ட்யூஐ-யில் ஒரு கார்டை அடுக்குவது எப்படி

ஆப்பிள் போன்களுக்கான ஆப் திரைகளைக் கோடில் எழுதி அமைக்க உதவும் ஆப்பிளின் கருவித்தொகுப்பு ஸ்விஃப்ட்யூஐ. அதற்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபிரேம் அகலம் 300 என்று எழுதியாயிற்று, படம் ஏன் 300 ஆகவில்லை? ஸ்பேசர் (விரிந்து கொடுக்கும் வெற்றிடம்) போட்டாயிற்று, விலை ஏன் இரண்டு வரியாக மடங்குகிறது? உடனே இன்னொரு பேடிங் (சுற்றி விடும் இடைவெளி), அதற்கு மேல் ஒரு ஆஃப்செட் (இடம் நகர்த்துவது), அதுவும் சரிவராவிட்டால் கிடைக்கும் இடத்தை அளந்து சொல்லும் ஜியாமெட்ரிரீடர் என்று போட்டுக்கொண்டே போவார்கள். கடைசியில் கையில் இருக்கும் போனில் மட்டும் சரியாகத் தெரியும், அடுத்தவர் போனில் எல்லாம் கலைந்து கிடக்கும்.

2019-ல் ஆப்பிள் ஸ்விஃப்ட்யூஐ-யை அறிமுகப்படுத்தியபோதே லேயவுட், அதாவது திரையில் எது எங்கே எந்த அளவில் நிற்கும் என்ற கணக்கு, எப்படி நடக்கிறது என்பதை மூன்று படிகளில் சொல்லிவிட்டது. திரையில் வரும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு வியூ, வெளியே இருப்பது பேரன்ட், அதன் உள்ளே இருப்பது சைல்ட். பேரன்ட் வியூ தன் சைல்டிடம் "உனக்கு இவ்வளவு இடம் இருக்கிறது" என்று ஓர் அளவைச் சொல்லும். சைல்ட் அதைக் கேட்டுக்கொண்டு தன் அளவைத் தானே முடிவு செய்யும், பேரன்ட் அதை மாற்ற முடியாது. பிறகு பேரன்ட் அந்த சைல்டைத் தன் இடத்துக்குள் எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும். இவ்வளவுதான். எது கலைந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி: யார் எவ்வளவு கொடுத்தார், யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்?

ஓர் உதாரணத்தை வைத்தே போகலாம். மளிகைக் கடை ஆப் ஒன்றில் ஒரு பொருளுக்கான கார்டு: இடது பக்கம் சின்னப் படம், நடுவில் "பொன்னி புழுங்கல் அரிசி 25 கிலோ மூட்டை" என்ற பெயர், அதன் கீழே கடையின் பெயர் சின்ன எழுத்தில், வலது ஓரத்தில் விலை.

முதலில் இதைக் காகிதத்தில் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வருபவை எச்ஸ்டாக், மேலும் கீழும் வருபவை விஸ்டாக், ஒன்றின் மேல் ஒன்று வருபவை இசட்ஸ்டாக். நம் கார்டுக்கு வெளியே ஓர் எச்ஸ்டாக், அதில் படம், ஒரு விஸ்டாக், விலை. விஸ்டாக்குக்குள் பெயரும் கடையும். விஸ்டாக் எதையும் சொல்லாமல் விட்டால் நடுவில் சீர்படுத்தும், ஆகவே அலைன்மென்ட் லீடிங் (இடது ஓரமாக) என்று கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைப் பெயர் அரிசிக்குக் கீழே நடுவில் போய் நிற்கும்.

இப்போது எச்ஸ்டாக் இடத்தை எப்படிப் பங்கு போடுகிறது என்று பார்க்கலாம், பலர் தாண்டிப் போகும் இடம் இதுதான். ஐபோன் 15-ன் அகலம் 393 பாயின்ட் (திரையை அளக்கும் அலகு). இரு பக்கமும் 16 பேடிங் போனால் 361. மூன்று சைல்ட், நடுவில் இரண்டு இடைவெளி, ஒவ்வொன்றும் 12 என்றால் மிச்சம் 337. எச்ஸ்டாக் இதை மூன்றாகப் பிரித்து, வளைந்து கொடுக்கவே முடியாத சைல்டிடம் முதலில் போகும், அதாவது குறைந்தபட்ச அளவுக்கும் அதிகபட்ச அளவுக்கும் வித்தியாசம் மிகக் குறைவாக இருப்பதிடம். நம் கார்டில் அது 60-க்கு 60 என்று கட்டிய படம். 112 கொடுத்தாலும் அது 60-ஐத்தான் எடுக்கும். மீதி 277 இரண்டாகப் பிரிந்து அடுத்தது விலையிடம் போகும். அதற்கு 138 கிடைக்கிறது, தேவையோ சுமார் 60. அப்புறம் கடைசியாகப் பெயர் இருக்கும் விஸ்டாக்குக்குச் சுமார் 217 பாயின்ட். பெயர் அதற்குள் அடங்காவிட்டால் இரண்டு வரியாக மடங்கும், அது சரிதான்.

சிக்கல் எப்போது வரும் என்றால், பயனர் தன் போனில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கியிருக்கும்போது. அப்போது விலைக்கும் இடம் போதாமல் "₹1,4" ஒரு வரி, "50" இன்னொரு வரி என்று ஆகும் வாய்ப்பு உண்டு. விலையை மட்டும் மடங்க விடக்கூடாது. ஒரே வரி என்று கட்ட லைன்லிமிட் 1 போட்டு, இடம் பெறுவதில் முன்னுரிமைக்கு லேயவுட்பிரயாரிட்டி 1 கொடுங்கள். முன்னுரிமை பெற்ற வியூவிடம் எச்ஸ்டாக் முதலில் போகும், மற்றவற்றுக்கு வேண்டிய குறைந்தபட்ச இடத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை எல்லாம் அதனிடம் நீட்டும். ஃபிக்ஸ்டுசைஸ் போட்டாலும் விலை மடங்காதுதான், ஆனால் அது பேரன்ட் சொல்வதையே காதில் வாங்காமல் தன் இயல்பான அளவில் நிற்கும், இடமே இல்லாவிட்டால் திரையை விட்டு வெளியேயும் போகும். விலை போன்ற சின்ன எழுத்துக்குப் பரவாயில்லை, நீளமான வாக்கியத்துக்கு வேண்டாம்.

விலையை வலது ஓரத்துக்குத் தள்ள எல்லோரும் ஸ்பேசர் போடுவார்கள். தப்பில்லை, ஆனால் ஸ்பேசரும் ஒரு சைல்ட்தான், ஆகவே நீங்கள் சொன்ன 12 இடைவெளி அதன் இரு பக்கமும் சேர்ந்துகொள்ளும், தனக்கென்று ஒரு குறைந்தபட்ச நீளமும் அதற்கு உண்டு. பெயர் வேண்டாத இடத்தில் மடங்குகிறதா, முதலில் ஸ்பேசரைச் சந்தேகப்படுங்கள். எனக்குப் பிடித்த வழி, ஸ்பேசரை எடுத்துவிட்டு விஸ்டாக்குக்கு மேக்ஸ்விட்த் இன்ஃபினிட்டி (அகலத்துக்கு வரம்பில்லை), அலைன்மென்ட் லீடிங் என்று ஒரு ஃபிரேம் போடுவது. நடுப்பகுதி மிச்ச இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், விலை தானாக ஓரத்துக்குப் போய்விடும்.

ஃபிரேம் என்று வந்ததால்: அது உள்ளே இருப்பதன் அளவை மாற்றும் கட்டளை அல்ல. சுவரில் மாட்டும் போட்டோ சட்டம் மாதிரி அது தனியாக ஒரு வியூ, சட்டம் பெரிதானால் உள்ளே இருக்கும் போட்டோ பெரிதாகாது. படம் தன் அசல் அளவிலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான். படத்துக்கு முதலில் அளவு மாற அனுமதிக்கும் ரீசைசபிள், பிறகு விகிதம் கெடாமல் இடத்தை நிரப்பும் ஸ்கேல்டுடூஃபில், பிறகு ஃபிரேம் 60-க்கு 60, கடைசியில் வெளியே நீள்வதை வெட்டும் கிளிப்டு. இந்த வரிசை முக்கியம். இன்னொரு விஷயம், கிளிப்டு வெட்டுவது கண்ணுக்குத் தெரிவதை மட்டும். வெட்டிய பகுதி விரல் தொடுதலை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும், பக்கத்துப் பட்டனை அழுத்தினால் படம் குறுக்கே வரும். கன்டென்ட்ஷேப் போட்டுத் தொடும் பரப்பையும் கட்டிவிடுங்கள்.

பேடிங், ஃபிரேம் போல ஒரு வியூவின் மேல் போடும் ஒவ்வொரு மாடிஃபையரும் இப்படி ஒரு புது வியூவாக வெளியே இருந்து சுற்றுகிறது என்று புரிந்துவிட்டால் வரிசைக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். பேடிங் போட்டு அப்புறம் பேக்கிரவுண்ட் போட்டால் நிறம் பேடிங்கையும் சேர்த்து நிரப்பும். பேக்கிரவுண்ட் முதலில், பேடிங் பிறகு என்றால் நிறம் எழுத்தை ஒட்டியே நின்றுவிடும், சுற்றி வெற்றிடம் வரும். கார்டுக்கு உள்ளே ஒரு பேடிங், பேக்கிரவுண்ட், வெளியே இன்னொரு பேடிங் என்று இரண்டு முறை போடுவதில் வெட்கமே வேண்டாம், அதுதான் சரியான முறை.

பின்னணி நிறத்துக்கு இசட்ஸ்டாக் பயன்படுத்துவதை மட்டும் நிறுத்துங்கள். வெறும் நிறம் கொடுத்த இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், இசட்ஸ்டாக் தன் சைல்ட்களில் பெரியதைப் பார்த்துத் தானும் விரியும், உங்கள் சின்னக் கார்டு திரை முழுக்க ஆகிவிடும். பின்னால் வைக்கும் பேக்கிரவுண்டும் மேலே வைக்கும் ஓவர்லேயும் அப்படியில்லை. முதல் வியூ தன் அளவை முடிவு செய்த பிறகு அந்த அளவுதான் அவற்றுக்குக் கொடுக்கப்படும், கார்டின் அளவில் அவை கை வைக்காது. படத்தின் மூலையில் "சலுகை" என்று பட்டை ஒட்டவும் ஓவர்லே, அலைன்மென்ட் டாப்ட்ரெய்லிங் (மேல் வலது மூலை).

விலையும் பெயரின் முதல் வரியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டுமானால் முதல் வரி எழுத்துகள் உட்காரும் கோட்டை வைத்துச் சீர்படுத்தும் ஃபர்ஸ்ட்டெக்ஸ்ட்பேஸ்லைன் என்ற அலைன்மென்ட் இருக்கிறது. ஆனால் அதை வெளி எச்ஸ்டாக்கில் போட்டால் படம் மேலே துள்ளிவிடும், ஏனென்றால் படத்துக்கு எழுத்துக்கோடு கிடையாது, அதன் அடிவிளிம்பையே கோடாக எடுத்துக்கொள்ளும். வெளி எச்ஸ்டாக்குக்கு டாப், அதற்குள் பெயர்ப் பகுதியையும் விலையையும் சேர்த்து இன்னோர் எச்ஸ்டாக், அதற்குப் பேஸ்லைன்.

தமிழில் ஆப் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கிலத்தை வைத்து வரைந்த டிசைனில் "அறிவிப்புகள்", "பரிவர்த்தனைகள்" எல்லாம் அடங்காது. அதோடு மேலே கொம்பு, கீழே சுழி என்று நம் எழுத்துக்கு உயரமும் கூடுதலாக வேண்டும். பட்டனுக்கு உயரம் 36 என்று பூட்டி வைக்காமல் மின்ஹைட் (குறைந்தபட்ச உயரம்) கொடுங்கள், வளர வேண்டியிருந்தால் வளரட்டும். மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடில், ஆப்பை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஸ்கீம் அமைப்பில் எழுத்தை இரட்டிப்பு நீளமாக்கிக் காட்டும் போலி மொழி ஒன்று இருக்கிறது, அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் அடங்காத அளவுக்குப் பெரிய எழுத்தில் எச்ஸ்டாக்கையே கைவிட்டு விலையைப் பெயருக்குக் கீழே இறக்குவதுதான் நல்லது. ஐஓஎஸ் 16-ல் வந்த வியூதட்ஃபிட்ஸ் இதற்காகவே இருக்கிறது: முதலில் கிடைமட்ட வடிவம், அடுத்து செங்குத்து வடிவம் என்று இரண்டையும் கொடுத்தால் அடங்குவதை அதுவே எடுக்கும். ஒரு சூட்சுமம், அது ஒவ்வொரு வடிவத்தின் இயல்பான அளவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். பெயரின் இயல்பான அளவு மடங்காத ஒரே நீள வரி. இரண்டு வரியாக மடங்கினால் அழகாக அடங்கியிருக்கும் அரிசி மூட்டைகூட "அடங்கவில்லை" என்று செங்குத்து வடிவத்துக்குத் தள்ளப்படும். நீளமான பெயர்கள் வரும் பட்டியலில் இதை நம்பாமல், பயனர் வைத்திருக்கும் எழுத்தளவான டைனமிக்டைப்சைஸை என்விரான்மென்டில் (வியூக்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் அமைப்புத் தகவலில்) இருந்து படித்து நீங்களே முடிவெடுங்கள்.

ஜியாமெட்ரிரீடரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த இடம் முழுவதையும் அது விழுங்கிவிடும், உள்ளே இருப்பதை இடது மேல் மூலையில் ஒட்டிவிடும், கார்டின் உயரமே மாறிப்போகும். ஸ்க்ரோல்வியூவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது போன்ற தேவைக்கு ஐஓஎஸ் 17-ல் இருந்து கன்டெய்னர்ரிலேட்டிவ்ஃபிரேம் இருக்கிறது. வெறும் அளவு தெரிந்தால் போதும் என்றால் ஆன்ஜியாமெட்ரிசேஞ்ச் போதும், அது ஐஓஎஸ் 16-லும் வேலை செய்யும். வார்த்தைப் பட்டைகளை வரிசை நிரம்பியதும் அடுத்த வரிக்கு இறக்குவது போன்ற வேலைக்கு மட்டும், சொந்தமாக அடுக்கும் விதியை எழுத உதவும் லேயவுட் புரோட்டோகாலைத் தொடுங்கள். எழுத வேண்டியது இரண்டே ஃபங்ஷன், ஒன்று அளவு சொல்ல, ஒன்று இடத்தில் வைக்க, மேலே சொன்ன அதே மூன்று படிகள்தான் அங்கேயும்.

எதுவுமே புரியாத அளவுக்குக் கலைந்துவிட்டால் சந்தேகமான ஒவ்வொரு மாடிஃபையருக்குப் பிறகும் ஒரு பார்டர் போடுங்கள், சிவப்பு, நீலம், பச்சை என்று வேறு வேறு நிறத்தில். எந்தப் பெட்டி எவ்வளவு எடுத்திருக்கிறது என்று பிரிவியூவிலேயே தெரிந்துவிடும், பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கும் பெட்டிக்குள்தான் வில்லன் இருப்பான். வெளியிடும் முன் பார்டரை எடுத்துவிடுங்கள்.