மூக்கன் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

மூக்கன் என்பது நீண்ட அலகுள்ள கரைப்பறவை (ஆங்கிலத்தில் godwit). உலகத்தில் மூக்கன்கள் மொத்தமே நான்கு வகைதான். ஹட்சன் மூக்கனும் மார்பிள் மூக்கனும் அமெரிக்கக் கண்டங்களோடு சரி. மற்ற கரைகளில் ஆளைக் குழப்புவது கருவால் மூக்கனும் பட்டைவால் மூக்கனும். புதிதாக வருகிறவர்களோடு சேற்றுக் கரையில் நிற்கும்போதெல்லாம் ஒரு காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துகளைப் பார்க்கிறேன். பளிச்சென்ற சட்டை, சத்தமான பேச்சு போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவை தானாகச் சரியாகிவிடும்.

பறக்க வைத்துப் பார்ப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டையும் வாலில் கறுப்பும் தெரிந்தால் கருவால்; பட்டை இல்லாமல் வால் வரிவரியாக இருந்தால் பட்டைவால். கையேடுகள் சொல்வது உண்மைதான். அதைப் படித்துவிட்டு வருகிறவர், நிற்கிற பறவையைக் கிளப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போடுகிறார்.

ஒருமுறை கடல் ஏறியிருந்த நேரம். மேய்கிற சேறு முழுக்க நீருக்குள் போய்விட்டது. மிச்சமிருந்த மணல்திட்டில் ஒரு கூட்டம் ஒற்றைக் காலில், அலகை முதுகுச் சிறகில் செருகி நின்றது. உடன் வந்த இளைஞர் கேமராவோடு நேராக நடந்தார். ஓரத்துப் பறவைகள் அலகை வெளியே எடுத்தன, கழுத்தை நீட்டின, மடக்கிய காலை இறக்கின. அங்கேயே நின்றிருக்க வேண்டும். அவர் இன்னும் சில எட்டு வைத்தார். மொத்தக் கூட்டமும் எழும்பி, இறங்க வேறு இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. படத்தில் விழுந்தது வெறும் சாம்பல் தீற்றல்.

பட்டைவால் மூக்கன் நெடும்பயணத்துக்கு முன் உடல் எடையில் கிட்டத்தட்டப் பாதியைக் கொழுப்பாகவே சேர்க்கக்கூடியது. 2022-இல் கருவி பொருத்திய ஓர் இளம்பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாட்களில், எங்கும் இறங்காமல் சுமார் 13,560 கி.மீ. பறந்தது. வழியெல்லாம் அதற்கு எரிபொருள் அந்தக் கொழுப்புதான். திட்டில் நிற்கிற பறவைக்குக் கடல் வற்றும்வரை இரையும் கிடையாது. அந்த ஓய்வு நேரத்தில் எழுப்பினால், சேர்த்து வைத்ததிலிருந்துதான் செலவழிக்கும். ஒரே நாளில் இப்படி ஐந்தாறு பேர் நடந்தால்?

சரி, பறக்காமல் எப்படிச் சொல்வது? முதுகைப் பாருங்கள். குளிர்காலத்தில் கருவாலுக்குச் சீரான சாம்பல் பழுப்பு; பட்டைவாலுக்கு ஒவ்வொரு இறகின் நடுவிலும் கருங்கோடு ஓடும். கால் மடிப்புக்கு மேலே கருவாலுக்குத்தான் நீளம். அலகு பட்டைவாலுக்குச் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும், கருவாலுக்கு ஏறக்குறைய நேர். அதிலும் தீராவிட்டால் பேசாமல் நில்லுங்கள். இறகு கோதுகிற பறவை எப்போதாவது இறக்கையை நீட்டத்தான் செய்யும். அன்றும் அப்படித்தான்; கூட்டம் திட்டுக்குத் திரும்பிய பிறகு ஒன்று சோம்பல் முறித்தது. இறக்கையில் வெள்ளைப் பட்டை இல்லை. பட்டைவால்.

அலகு நீளத்தை நம்புவது

இரண்டு வகையிலும் பெண்ணுக்கு அலகு நீளம். நீளத்தை விட்டுவிடுங்கள்.

சிவப்பைக் கண்டதும் பெயர் சொல்வது

இனப்பெருக்கக் காலத்தில் இரண்டும் சிவக்கும். பட்டைவால் ஆணுக்குச் செம்பழுப்பு வாலடி வரை இறங்கும். கருவாலுக்கு வயிற்றிலேயே வெளிறி, வரிகள் தொடங்கிவிடும். பட்டைவால் பெண் அவ்வளவாகச் சிவக்காது, அதனால் சிவப்பில்லை என்பதும் சாட்சியாகாது.

கடல் முழுக்க வற்றிய பிறகு போவது

தூரத்துப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கலாம். ஏறத் தொடங்கும்போதே போய் உட்காருங்கள். நீர் தள்ளத் தள்ள அவையே கரைப்பக்கம் வரும்.

வெயிலை எதிரே வைத்து நிற்பது

வேண்டாம்.