வீட்டில் ஏற்கெனவே பூனை இருக்கிறதா? புதுக் குட்டியை இப்படிச் சேருங்கள்

தெருவில் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கி வந்து நேராக வீட்டுப் பூனையின் முன்னால் இறக்கிவிட்டு, ரெண்டும் பழகிடும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பூனை தன் இடத்தை வாசனையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது, சோபாவிலும் கதவிலும் கன்னத்தை உரசுவது அதற்காகத்தான். அதனால் இரண்டும் முதலில் மூக்கால் பழகட்டும், நேரில் பார்ப்பது அப்புறம்.

1. தனி அறை

குட்டி வந்த நிமிடத்திலிருந்து குறைந்தது 2 வாரம் தனி அறையில் இருக்கட்டும். சின்ன வீடு என்றால் அதிகம் புழங்காத குளியலறைகூடப் போதும். பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய்தான் இங்கே பெரிய பயம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்துக் குட்டிகளை வேகமாகக் கொன்றுவிடும், அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கிண்ணம், லிட்டர் பாக்ஸ் (பூனை மலம், சிறுநீர் கழிக்கும் மணல் பெட்டி) எல்லாம் தனித்தனி. குட்டியைத் தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுப் பெரிய பூனையிடம் போங்கள். தரைக்கு ஃபினாயில் வேண்டவே வேண்டாம், அது பூனைகளுக்கு விஷம். தண்ணீர் கலந்த ப்ளீச்சால் துடைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி துடைத்துக் காயவிடுங்கள்.

முதல் நாளே கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பூச்சி மருந்து, உண்ணி மருந்து கேளுங்கள். தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கும், ரேபிஸ் ஊசி 3 மாதத்தில். பெரிய பூனைக்குத் தடுப்பூசி பாக்கி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

2. வாசனை மாற்றம்

மருத்துவர் சரி என்றதும், சுத்தமான துணியால் குட்டியின் கன்னத்தைத் தடவி, பெரியது நடமாடும் இடத்தில் போடுங்கள். அதன் படுக்கையில் போடாதீர்கள். முகர்ந்துவிட்டுப் போய்விட்டால் நல்லது. சீறினால் துணியைக் கொஞ்சம் தள்ளி வைத்து, பக்கத்தில் உப்பில்லாமல் வேகவைத்த மீன் ஒரு துண்டு கொடுங்கள். குட்டிக்கும் இதேபோல் பெரியதின் வாசனை போக வேண்டும்.

3. மூடிய கதவு

கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு. முதலில் தூரமாக வைத்து, இரண்டும் பதற்றமில்லாமல் சாப்பிடச் சாப்பிடக் கிண்ணங்களைக் கதவை நோக்கி நகர்த்துங்கள்.

4. முதல் பார்வை

வலைக்கதவு வழியாக, 5 நிமிடம். அதற்கு முன்னால் குட்டியை நன்றாக விளையாட வைத்துக் களைப்பாக்கிவிடுங்கள், வாலைப் பிடித்துத் தொங்கும் குட்டியை எந்தப் பெரிய பூனையும் ரசிக்காது. சீறுவது சண்டை இல்லை, "கிட்ட வராதே" என்று சொல்வது, அதற்காகத் திட்டவே கூடாது. உடம்பு விறைத்து, காது பின்னால் படிந்து, கண் சிமிட்டாமல் முறைத்தால் மட்டும் நடுவில் ஒரு அட்டையை வைத்து மறைத்துவிடுங்கள்.

5. ஒரே அறையில்

இரண்டு பூனைக்கு லிட்டர் பாக்ஸ் மூன்று, வேறு வேறு மூலைகளில். பெரியது ஏறி உட்கார உயரமான இடம் ஒன்று கட்டாயம். அது தூங்கும் இடம், சாப்பிடும் நேரம், உங்கள் மடி எதுவும் மாறக் கூடாது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரிடம் தூக்கிப் போங்கள், பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரல் கெடும்.

கட்டிப் புரண்டு சண்டை வந்தால் கையை நடுவில் விடாதீர்கள், தலையணையை நுழைத்து அவற்றைப் பிரித்துவிடுங்கள். அன்றைக்கு இரண்டும் தனித்தனி அறையில் இருக்கட்டும், மறுநாள் மூன்றாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.