அம்மாவுக்கு சிஎச்சி எடுத்த கதையும், நீங்கள் கேட்க வேண்டிய வழியும்

இங்கிலாந்தில் அம்மா அப்பாவை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் எங்கள் ஆட்களில் பலருக்கு சிஎச்சி என்று ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அம்மாவுக்கு ஏற்கெனவே மறதி நோய். இரண்டாவது ஸ்ட்ரோக்குக்குப் பிறகு விழுங்குவதும் கஷ்டமாகிவிட்டது. நான் வேலை நாட்களைப் பாதியாகக் குறைத்திருந்தேன். ஒருநாள் அம்மாவின் படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த நேர்ஸ், கோட்டைப் போட்டுக்கொண்டே, "சிஎச்சி கேட்டுப் பார்த்தீர்களா?" என்றார். எல்லாம் அந்த வாசற்படிக் கேள்வியில்தான் தொடங்கியது.

சிஎச்சி என்றால் கன்டினியூயிங் ஹெல்த்கெயார். நீண்டகாலமாக, சிக்கலான மருத்துவப் பராமரிப்பு தேவைப்படும் வயது வந்தவர்களுக்கு முழுச் செலவையும் அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ் ஏற்கும். வீட்டில் இருந்தாலும் கிடைக்கும், நேர்சிங் ஹோமில் இருந்தாலும் கிடைக்கும். வீடு, சேமிப்பு, பென்ஷன் எதையும் கணக்குப் பார்ப்பதில்லை. கவுன்சில் தரும் உதவி அப்படியல்ல. அங்கே சேமிப்பு 23,250 பவுண்ஸைத் தாண்டினால் பொதுவாகச் செலவு முழுவதும் உங்கள் கையில்தான். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, "எங்களுக்கு வீடு இருக்கிறது, கிடைக்காது" என்று கேட்காமலே விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

நோயின் பெயரைப் பார்த்து இதைக் கொடுப்பதில்லை. பார்க்கிற ஒரே விஷயம், அந்த ஆளுக்கு வேண்டியது முதன்மையாக மருத்துவப் பராமரிப்பா என்பதுதான். 1971இல் வீதி விபத்தில் கை கால் செயலிழந்த பமீலா காக்லன் என்ற பெண் டெவன் பகுதிச் சுகாதார அதிகாரசபைக்கு எதிராக வழக்குப் போட்டு, 1999இல் அப்பீல் நீதிமன்றத்தில் வென்றார். அந்தத் தீர்ப்பின் மேல்தான் இன்றைய விதிகள் நிற்கின்றன. அவற்றைத் தேசிய வழிகாட்டி என்று ஒரே புத்தகமாக அரசாங்கம் இணையத்தில் போட்டிருக்கிறது. 2022 ஜூலைப் பதிப்பைத்தான் நான் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். நீளமானதுதான், ஆனாலும் வாசியுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? உங்கள் பகுதியின் என்எச்எஸ் சேவைகளுக்குப் பொறுப்பான இன்டகிரேட்டட் கெயார் போர்டிடம். அம்மா எந்த ஜிபியில் (குடும்ப டொக்டரிடம்) பதிந்திருக்கிறாரோ அதை வைத்துத்தான் எந்த போர்டு என்று முடிவாகும். 2013க்கு முன் இந்த வேலையை வேறொரு அமைப்பு பார்த்தது, 2022 வரை இன்னொன்று பார்த்தது. அதனால் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு அலையாமல், ஜிபி ரிசெப்ஷனில் "எங்கள் போர்டின் சிஎச்சி டீம் எங்கே?" என்று கேளுங்கள்.

முதல் படி செக்லிஸ்ட். அதை நாங்களே நிரப்பி அனுப்ப முடியாது. நேர்ஸ், டொக்டர், சோஷியல் வேர்க்கர் போன்ற பயிற்சி பெற்ற ஒருவர்தான் செய்ய வேண்டும். ஆனால் செய்யும்படி கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள். ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பொதுவாக இதைச் செய்யமாட்டார்கள். வீட்டுக்கு வந்து நிலை கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் செய்வார்கள், அதுவும் நியாயம்தான்.

செக்லிஸ்ட்டில் 11 பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி என்று மூன்று நிலை, 'ஏ'தான் மிகக் கடுமையானது. இரண்டு ஏ, அல்லது ஐந்து பி, அல்லது ஒரு ஏயும் நான்கு பியும் வந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். மூச்சு, நடத்தை, மருந்தும் நோய்க்குறிக் கட்டுப்பாடும், சுயநினைவு தப்புதல் என்ற நான்கில் ஒன்றில் ஒரே ஒரு ஏ வந்தாலும் போதும்.

இங்கேதான் நான் பெரிய பிழை விட்டேன். முதல் தடவை வந்தவர் தன்மையான பெண். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவர் ஆங்கிலத்தில் கேட்க, அம்மாவுக்கு நானே தமிழில் சொன்னேன். "சாப்பிடுகிறாரா?" என்றார். "ஓம், நான் ஊட்டிவிடுவேன், சாப்பிடுவார்" என்றேன். "இரவில் தூங்குகிறாரா?" என்றார். "சில நாள் எழும்புவார், சமாளிக்கிறோம்" என்றேன். அம்மாவைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது அம்மா சிரித்துக்கொண்டு, "நல்லா இருக்கிறன் பிள்ளை" என்றார். நான் அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். கடைசியில் மூன்று 'பி'தான் வந்தது.

வந்தவர் நான் சொன்னதைத்தான் எழுதினார். வீட்டுக்கு வந்த ஆளுக்கு முன்னால் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அம்மாவின் குறையை அம்மாவுக்கு முன்னாலேயே சொல்ல வாய் வரவில்லை. இப்போது யோசித்தால், அன்றைக்கு அம்மாவுக்காக நான் பேசவே இல்லை.

அப்புறம் அண்ணா ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கிவந்தார். ஆறு வாரம் அதில் எல்லாவற்றையும் எழுதினோம். விண்ணப்பத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

"சாப்பாடு கஷ்டம்" என்று எழுதிப் பிரயோசனமில்லை. ஊட்டுவதற்கு அரை மணித்தியாலமோ கூடவோ எடுக்கிறதா என்பதை அந்தப் படிவமே கேட்கிறது. ஆகவே நேரம் பார்த்து எழுதினோம். ஒரு நாள் பக்கம் இப்படி இருந்தது: 'காலை 8.10. கஞ்சி, பவுடர் போட்டுத் தடிப்பாக்கியது. சிறிய கரண்டி. கட்டில் தலைமாடு நிமிர்த்தி. ஐந்தாவது கரண்டியில் இருமல், நிறுத்தி முதுகைச் சாய்த்துப் பிடித்தேன். வாயில் அடக்கி வைத்திருக்கிறார், தொண்டையைத் தடவி விழுங்கச் சொன்னேன். 8.55க்கு அரைக் கோப்பைதான் முடிந்தது. குளிசையைத் துப்பிவிட்டார், மூன்றாம் முறைதான் எடுத்தார்.' இரவுப் பக்கங்களில் எத்தனை மணிக்கு எழும்பினார், என்ன சொல்லிக் கத்தினார், அண்ணாவின் கையை எங்கே கீறினார், அடங்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று இருந்தது. நடக்காமல் தடுத்ததையும் எழுதினோம். விழப் போனார், நான் பக்கத்தில் இருந்ததால் பிடித்தேன் என்பதும் ஒரு தேவைதான். நன்றாகக் கவனிக்கப்படுவதால் ஒரு தேவை கண்ணுக்குத் தெரியாமல் போனால், அதற்காக அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்று வழிகாட்டியிலேயே இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செக்லிஸ்ட் சரிவராவிட்டால் மறுபடி பார்க்கும்படி போர்டைக் கேட்கலாம். நிலை மாறினால் புதிதாகவும் கேட்கலாம். இரண்டாம் தடவை நான் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன், தந்தார்கள். நான் மகளாக மட்டும் இருந்து பேசினேன். அம்மாவை அடுத்த அறையில் மாமியுடன் இருத்திவிட்டு, கொப்பியைத் திறந்தேன். இந்த முறை இரண்டு ஏ, ஐந்து பி.

அடுத்தது முழு மதிப்பீடு. குறைந்தது இரண்டு துறையைச் சேர்ந்தவர்கள், வழக்கமாக ஒரு நேர்ஸும் ஒரு சோஷியல் வேர்க்கரும், 12 பகுதிகளாகப் பார்ப்பார்கள். நிலைகள் ஒன்றுமில்லை, குறைவு, நடுத்தரம், அதிகம், கடுமை என்று ஏறும். நான் மேலே சொன்ன நான்கு பகுதிகளில் மட்டும் அதற்கும் மேலே 'முன்னுரிமை' என்று ஒன்று உண்டு. ஒரு முன்னுரிமை, அல்லது இரண்டு கடுமை வந்தால் தகுதி தெளிவு. அப்படி வராவிட்டாலும் முடிந்துவிடவில்லை. ஒரு கடுமையோடு பல அதிகங்கள் சேர்ந்தாலும் கிடைக்கலாம். அம்மாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. அங்கே நான்கு சொற்களைச் சுற்றித்தான் பேச்சு வரும்: தேவையின் தன்மை, தீவிரம், சிக்கல், எப்போது என்ன நடக்கும் என்று சொல்ல முடியாமை. ஒன்று இன்னொன்றை எப்படிக் கெடுக்கிறது என்று சொல்லுங்கள். அம்மா குளிசையைத் துப்பினால் வலி கூடும், வலி கூடினால் அடிப்பார், அடிக்கும்போது ஊட்ட முடியாது. இதைத்தான் சிக்கல் என்கிறார்கள்.

கூட்டத்துக்குக் குடும்பத்தைக் கூப்பிட வேண்டும், நீங்கள் கட்டாயம் போங்கள். ஜிபி, விழுங்கும் சிகிச்சை நிபுணர், வீட்டுக்கு வரும் கெயாரர்கள் எழுதிய குறிப்புகளின் நகலை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டர்னி (அவருக்காக முடிவெடுக்க அவரே முன்கூட்டி எழுதிக்கொடுக்கும் சட்ட அதிகாரம்) இல்லையே என்று பயப்பட வேண்டாம், அது இல்லாமலும் மதிப்பீடு நடக்கும். முதல் கூட்டத்துக்கு முன் பீகன் என்ற அமைப்போடு கதைத்தேன். என்எச்எஸ் இங்கிலாந்தின் பணத்தில் அப்போது 90 நிமிடம் வரை இலவச ஆலோசனை தந்தார்கள். எனக்கு அது நிறையத் தெளிவு தந்தது.

செக்லிஸ்ட் போர்டிடம் போய்ச் சேர்ந்த நாளில் இருந்து 28 நாளுக்குள் முடிவு வர வேண்டும். எங்களுக்கு இரண்டரை மாதம் எடுத்தது. ஒவ்வொரு திங்களும் மின்னஞ்சல் போட்டேன். நியாயமான காரணமின்றி இழுபட்டு, பிறகு தகுதி என்று வந்தால், 29ஆம் நாளில் இருந்து நீங்கள் செலவழித்ததைத் திருப்பிக் கேட்கலாம். பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள்.

ஒருவரின் நிலை வேகமாக மோசமாகி, கடைசிக் கட்டத்துக்குள் போகலாம் என்று தெரிந்தால் இவ்வளவு படியும் வேண்டாம். டொக்டரோ நேர்ஸோ ஃபாஸ்ட் ட்ராக் படிவம் நிரப்பினால் போர்டு உடனே ஏற்க வேண்டும். இதை டொக்டரிடம் கேட்க வாய் கூசும். தயவுசெய்து கேளுங்கள்.

இல்லை என்று கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் போர்டிடமே மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் மறுபடி ஆறு மாதத்துக்குள் என்எச்எஸ் இங்கிலாந்தின் சுயாதீன மீளாய்வு, அதற்கு அப்பால் முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன். நேர்சிங் ஹோமில் இருப்பவருக்கு சிஎச்சி இல்லை என்றாலும், நேர்ஸின் பராமரிப்புக்கான பங்கை என்எச்எஸ் கட்டுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2025-26இல் அது வாரம் 254.06 பவுண்ஸ்.

கிடைத்தாலும் மூன்று மாதத்தில் ஒரு மீளாய்வு, பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது வரும். அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பராமரிப்பு போதுமா என்பதை. முழு மதிப்பீட்டை மறுபடி செய்யாமல் நிறுத்த முடியாது. எங்களுக்கு அடுத்தது வைகாசியில். கொப்பி குசினி மேசையில்தான் கிடக்கிறது, நேற்றைய இரவை அண்ணா இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறார்.